மூன்றாம் நம்பர் லேப்டாப்

வியாழன், காலை 9.40.

வெள்ளிமலைப் படிப்பகத்தில் ஐந்து லேப்டாப்புகளையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். நான்கு, சொன்ன பேச்சைக் கேட்டு இணையத்தைப் பிடித்துக்கொண்டன. மூடியில் '3' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த ஒன்று மட்டும், வைஃபை என்கிற சமாசாரத்தையே தான் கேள்விப்பட்டதில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தது.

9.52. கீழே கள்ளக்குறிச்சியில், துருகம் சாலை லேப்டாப் ரிப்பேர் கடையில், தாஹிராவின் போன் அடித்தது.

"அக்கா, சுபஸ்ரீ பேசறேன். மூணாம் நம்பர் நெட்டு எடுக்கல."

"அணைச்சிட்டு போட்டுப் பாத்தியா?"

"நாலு தடவ. வைஃபைன்ற படமே வரல அக்கா." அவள் குரல் இறங்கியது. "அன்புச்செல்வன் சார் பக்கத்துலயே நிக்கிறாரு. மூணரைக்கு அவரு ஜீப்பு கீழ எறங்குது. அதுக்குள்ள காரணம் தெரியலன்னா அஞ்சையும் ஏத்திக்கினு போயிடுவேன்றாரு."

தாஹிரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மலைப் பிள்ளைகளுக்கான அந்தப் படிப்பகத்தை ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. சுபஸ்ரீ அதன் பொறுப்பாளர். அன்புச்செல்வன் அவளுக்கு மேலே இருப்பவர். புத்தம் புதுசாக ஒரே ஒரு லேப்டாப் வாங்கலாம் என்பது அவர் கட்சி. அதே செலவில் நல்ல நிலையில் இருக்கும் பழையதில் ஐந்து வாங்கி, கம்ப்யூட்டரை ஓட்டும் இலவச மென்பொருளான லினக்ஸ் போடலாம், தாஹிரா அக்கா பொறுக்கிக் கொடுத்தால் தப்பாகாது என்பது சுபஸ்ரீயின் கட்சி. மூன்று மீட்டிங்கில் சண்டை போட்டு ஜெயித்திருந்தாள். அந்த ஜெயிப்புக்கு ஆயுசு இன்று மூன்றரை மணி வரைக்கும்.

"பத்தேகால் பஸ்ஸ புடிக்கிறேன்," என்றாள் தாஹிரா. "யாரும் அத தொட வேணாம்னு சொல்லு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் புருஷன் சுஐப் உள்பக்க ஸ்டூலில் உட்கார்ந்து, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

"மூணாவதா?" என்றான்.

"ஆமாங்க."

"நான் வேணா போய்ப் பாத்துட்டு வரட்டா? நீ எதுக்கு அந்தக் கொண்டை ஊசி வளைவுல தலை சுத்திக்கினு?"

"நேத்துதான அலைஞ்சிட்டு வந்தீங்க. கடைய பாருங்க." அவள் நோட்டைப் பையில் போட்டாள். "நேத்து பஸ்ஸு பஞ்சர்னீங்களே, பொட்டிக்கு அடி கிடி பட்டுச்சா?"

"அதெல்லாம் இல்ல. கச்சிராயபாளையத்துல ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்துக்கினு இருந்தேன். அவ்வளவுதான்."

"அந்த சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட்ட எடுங்க."

அவன் எடுக்கவில்லை. அது இருந்த டிராயரைத் தோளால் அவள் பக்கம் தள்ளிவிட்டான். ஒரு மாதமாகவே இந்த மனுஷன் இப்படித்தான். பொடி ஸ்க்ரூ வந்தால் "கண்ணு தெரியல, நீயே பண்ணு" என்பான். கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் சிரிப்பான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. தாஹிரா நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

லினக்ஸுக்கு லேப்டாப் பொறுக்குவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. பெயரைப் பார்த்து வாங்க மாட்டாள். மாடலைப் பார்த்தும் வாங்க மாட்டாள். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் சொருகி அங்கேயே ஓட்டிப் பார்ப்பாள். வைஃபை வருகிறதா, பாட்டு கேட்கிறதா, கேமராவில் தன் மூஞ்சி தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் தூங்கினது ஒழுங்காக எழுந்துகொள்கிறதா. எல்லாம் சரியென்றால்தான் உள்ளே இருக்கும் உறுப்புகளின் எண்களை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதுவாள்.

இவ்வளவு எதற்கென்றால், ஒரே மாடல் லேப்டாப்பில் ஒரு மாதம் ஒரு கம்பெனியின் வைஃபை கார்டு வரும், அடுத்த மாதம் வேறொரு கம்பெனியினுடையது வரும். வெளியே எள்ளளவு வித்தியாசம் தெரியாது. ஆனால் முதல் கார்டை ஓட்டுவதற்கான டிரைவர் என்கிற மென்பொருள் லினக்ஸுக்குள்ளேயே இருக்கும், இரண்டாவதற்கு இருக்காது. அதைத் தேடி ஏற்றி, அப்டேட் வரும்போதெல்லாம் அது செத்துப்போய், மறுபடி ஏற்றி... மலை மேல் அதையெல்லாம் யார் செய்வார்கள்?

போன சனிக்கிழமை, கள்ளக்குறிச்சியிலேயே மந்தைவெளிப் பக்கம் அப்துல் ஜப்பாரின் பழைய சாமான் கடையில் பன்னிரண்டு லேப்டாப் இறங்கியிருந்தன. சென்னையில் ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்டவை. எல்லாம் ஒரே மாடல், ஒரே கறுப்பு. பன்னிரண்டையும் ஓட்டிப் பார்த்து ஐந்தை எடுத்தாள், ஏழைத் தள்ளினாள். அன்றைக்கு சுஐப் கூட இல்லை. நைனார்பாளையத்தில் ஒரு உரக்கடைக்குக் கேமரா மாட்டப் போயிருந்தான். மூன்று நாள் அந்த ஐந்தையும் கடையில் விடாமல் ஓட்டினாள். செவ்வாய் சாயங்காலம் ஏழு மணிக்குக்கூட மூன்றாம் நம்பரில் ஒரு வீடியோ பாடம் தடங்கலில்லாமல் ஓடியது. புதன் காலை பதினோரு மணி பஸ்ஸில் சுஐப் அவற்றைக் கொண்டுபோனான்.

நோட்டில் '3' என்ற பக்கத்தை விரலால் தடவினாள். தான் எங்கே கோட்டை விட்டோம் என்று புரியவில்லை.

மதியம் 12.35.

படிப்பக அறையில் ஜன்னலோரமாக ஐந்து மேஜை. வெளியே மரவள்ளிக் காட்டில் காற்று. பிள்ளைகளை வராந்தாவுக்கு அனுப்பியிருந்தார்கள். உள்ளே மூன்று பேர். சுபஸ்ரீ, முகம் வாடி. அன்புச்செல்வன், கழுத்தில் அடையாள அட்டையோடு. மூன்றாவது ஆள் ராசு. வெள்ளிமலையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். படிப்பகத்தின் சாவி அவனிடம்தான் இருக்கும்.

"வாங்க மேடம்," என்றார் அன்புச்செல்வன். "உங்க லினக்ஸுக்கு மலைக் காத்து ஒத்துக்கல போலிருக்கு."

"நாலுக்கு ஒத்துக்கினு இருக்குதே சார்."

மூன்றாம் நம்பரைத் திறந்தாள். திரையில் அவள் வைத்த படம். அவள் தட்டி வைத்த பிள்ளைகள் பெயர்கள். அவள் போட்ட பாடங்கள். ஒன்றும் மாறவில்லை. ஒரே ஒரு வரி தட்டினாள். உள்ளே இருக்கும் உறுப்புகளின் பட்டியல் திரையில் ஓடி நின்றது. நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, வரி வரியாக விரல் வைத்துக்கொண்டே போனாள்.

விரல் ஒரு வரியில் நின்றது.

"இது நான் குடுத்த வைஃபை கார்டு இல்ல."

அறை சட்டென்று வேறு மாதிரி ஆனது. அன்புச்செல்வன் மெதுவாகத் திரும்பி ராசுவைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி சாவி யாருகிட்ட?"

"எங்கிட்டதான் சார்."

"உள்ள வந்தியா?"

"பூட்டினேன். காலைல தொறந்தேன்."

"உன் கடைல இந்த மாதிரி கார்டு, போர்டு எல்லாம் இருக்கும் இல்ல?"

ராசுவுக்குக் காது சிவந்தது. "போன் டிஸ்ப்ளே மாத்தறவன் சார் நான். இந்தக் கார்ட எடுத்துக்கினு போய் நான் இன்னா, சாமையோட சேத்து ஆக்கித் திங்கறதா?"

"கேள்விக்குப் பதில் சொல்லு."

"சார், அவரு அப்படிப்பட்டவரு இல்ல," என்றாள் சுபஸ்ரீ.

"நீ பழையத வாங்கலாம்னும்தான் சொன்ன."

தாஹிரா தலையைத் தூக்கவில்லை. "கொஞ்சம் இருங்க சார். இன்னும் ரெண்டு நம்பர் பாக்கணும்."

இன்னொரு வரி தட்டினாள். போர்டின் சீரியல் நம்பர் வந்தது. நோட்டில் இருந்தது வேறு. பேட்டரி எத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்கியது என்ற கணக்கு வந்தது. நோட்டில் நானூற்றுச் சொச்சம், திரையில் நூற்றுப் பத்து. பேட்டரி ஒரே ராத்திரியில் முந்நூறு தடவை இளமையாகிவிடாது.

"ராசு கார்ட எடுக்கல," என்றாள். "யாருமே கார்ட எடுக்கல. கார்டு மட்டும் மாறியிருந்தா போர்டு நம்பர் அப்படியே இருக்கணும். போர்டும் வேற, பேட்டரியும் வேற. இது வேற லேப்டாப்பு. மொத்தமாவே வேற."

"ஆனா பசங்க பேரெல்லாம் அதுலயே இருக்குதே அக்கா," என்றாள் சுபஸ்ரீ.

"அதான் விஷயமே. பேரு, பாடமெல்லாம் பதிஞ்சிருக்கிற டிஸ்க்கு மட்டும் நான் குடுத்தது. அத கழட்டி இந்த பாடிக்குள்ள மாட்டியிருக்காங்க. மூணுன்ற ஸ்டிக்கரக்கூட உரிச்சி ஒட்டியிருக்காங்க. ஓரம் சுருண்டுக்கினு இருக்குது பாரு."

அன்புச்செல்வன் நெற்றியைச் சுருக்கினார். "திருடறவன் எதுக்கு மேடம் இவ்வளவு கஷ்டப்படறான்? எடுத்துக்கினு ஓட வேண்டியதுதானே."

"அதையேதான் நானும் கேட்டுக்கினு இருக்கேன் சார். திருட வந்தவன் எதையாவது கொண்டு போவான். இந்த ஆளு ஒரு லேப்டாப்ப வெச்சிட்டு, பசங்க பாடம் ஒண்ணுகூட கெடாம மாத்தி வெச்சிட்டுப் போயிருக்கான். ஒண்ணே ஒண்ணுலதான் ஏமாந்துட்டான். ஒரே மாடல்னா உள்ளயும் ஒண்ணாதான் இருக்கும்னு நெனச்சிட்டான்."

மணி 1.10.

"சுபஸ்ரீ, நேத்து பொட்டிங்க எத்தன மணிக்கு வந்துச்சு?"

"அஞ்சரைக்கு. ஒரு மணிக்கு வரும்னு பாத்துக்கினே இருந்தோம். கடையிலேர்ந்து கிளம்பவே லேட்டாயிடுச்சின்னாரு பாய்."

தாஹிராவின் பேனா நின்றது. "கிளம்பவே லேட்டுன்னாரா?"

"ஆமாக்கா."

"பஸ்ஸு பஞ்சர்னு ஏதாவது..."

"இல்லையே."

"பஸ்ஸுலேர்ந்து எல்லாத்தையும் நான்தான் எறக்கினேன்," என்றான் ராசு. "நீயே எடுத்துக்கப்பான்னாரு. டீ குடிக்கச் சொன்னேன், வேணாம்னுட்டு அதே பஸ்ஸுல கீழ போயிட்டாரு."

தாஹிரா லேப்டாப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். லினக்ஸுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒவ்வொரு தடவை கண் விழிக்கும்போதும், எத்தனை மணிக்கு எழுந்தேன், எந்தெந்த உறுப்போடு எழுந்தேன் என்று டிஸ்க்கில் ஒரு நாட்குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். டிஸ்க் எந்த உடம்புக்கு மாறினாலும் நாட்குறிப்பு கூடவே போகும். மாற்றியவர் அதை யோசிக்கவில்லை.

முதலில் திரையில் இருந்த நேரம் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டாள். ஒத்துப்போனது. நாட்குறிப்பைத் திறந்தாள்.

செவ்வாய், மாலை 7.05. பழைய கார்டு. அவள் வீடியோ ஓட்டிப் பார்த்தது.

அதற்கு அடுத்த பதிவு புதன், மதியம் 2.17. புதுக் கார்டு.

"சார், இதப் பாருங்க. ரெண்டு பதினேழு. நேத்து ரெண்டு பதினேழுக்கு இந்த லேப்டாப்பு மலைக்கே வந்து சேரல. வந்ததே அஞ்சரைக்கு."

அன்புச்செல்வன் குனிந்து படித்தார். இரண்டு தடவை படித்தார். மெல்ல நிமிர்ந்தார். "அப்ப மலையில யாரும் இல்ல."

"இல்ல."

ராசு விட்ட மூச்சு அறைக்கே கேட்டது.

"அப்ப யாரு?"

தாஹிரா லேப்டாப்பை அணைத்து, குப்புறத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். அடிப்பக்க மூடியில் ஒன்பது ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவரை ஒவ்வொன்றிலும் வைத்து லேசாகத் திருப்பினாள். ஒன்பதும் லூஸ். ஒவ்வொன்றையும் சுற்றி பிளாஸ்டிக்கில் பொடிப் பொடிக் கீறல்கள். டிரைவர் வழுக்கி வழுக்கி விழுந்த தடம்.

ராசு எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா இது, கோழி கிளறின மாதிரி. புதுசா கத்துக்கினவன் எவனோ பண்ணியிருக்கான்."

அவள் ஒன்பதையும் கழற்றி வரிசையாக மேஜையில் வைத்தாள். பின்பக்கம் நான்கு நீளம். முன்பக்கம் ஐந்து குட்டை.

"புதுசா கத்துக்கினவன் இத மாத்திப் போட்டிருப்பான் ராசு. நீளத்த முன்னாடி போட்டா உள்ள போர்ட குத்திடும். எல்லாம் அததுக்கு இருக்கிற எடத்துல இருக்குது. உள்ள பாரு, டிஸ்க்கு மேல ஒட்டற டேப்பு ஒரு மடிப்பு இல்லாம ஒட்டியிருக்குது. இது நூறு லேப்டாப்பு கழட்டின ஆளு."

"நூறு கழட்டின ஆளு இப்படியா கீறுவான்?"

"தெரியும். ஆனா..."

அவள் நிறுத்தினாள். 'தெரியும், ஆனா கை கேக்கல' என்று சொல்ல வந்தாள். வாக்கியம் பாதியில் அவள் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு கையாலும் பிடித்த டீ கிளாஸ். தோளால் தள்ளின டிராயர். பொட்டியை நீயே எடுத்துக்கப்பா. கண்ணு தெரியல, நீயே பண்ணு. போன மாதத்திலிருந்து இந்த மனுஷன் ஏன் பட்டன் வைத்த சட்டையே போடுவதில்லை என்று அவளுக்கு இப்போதுதான் தோன்றியது.

கண்ணாடி கண்ணாடி என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

"அக்கா?" என்றாள் சுபஸ்ரீ.

சொல்லாமல் விட்டுவிடலாம். எங்கேயோ வழியில் மாறிவிட்டது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்துவிடலாம். அன்புச்செல்வன்கூட விட்டுவிடுவார். ஆனால் அரை மணி நேரம் இந்த அறையில் ராசு திருடனாக நின்றிருக்கிறான். நாளைக்கு டீக்கடையில் யாராவது ஒருத்தர் அதைச் சொல்லிக் காட்டுவார்.

"என் வூட்டுக்காரரு," என்றாள் தாஹிரா. "கடையிலேர்ந்து மலைக்கு வர வரைக்கும் இது அவரு ஒருத்தரு கைலதான் இருந்துச்சு. பதினோரு மணிக்கு கிளம்பினவரு, எங்கிட்ட பஞ்சர்னு ஒண்ணு சொன்னாரு, உங்ககிட்ட லேட்டுன்னு ஒண்ணு சொன்னாரு. இதே மாடல்ல மிச்சம் இருக்கிறது ஏழு. எல்லாம் நான் வேணாம்னு தள்ளினது. அதுலேர்ந்து ஒண்ண எடுத்து மாத்தியிருக்காரு. பதினோரு வருஷமா எங்க கடைல நான் பொறுக்கறவ, அவரு பூட்டறவரு. இந்த ஒம்பது ஸ்க்ரூவ இந்த வரிசைல போட இந்தப் பக்கத்துல வேற ஆளு கெடையாது."



"எதுக்குங்க அப்படி பண்ணாரு?" என்றார் அன்புச்செல்வன். குரலில் காலைக் கிண்டல் இல்லை.

"அது எனக்குப் பாதிதான் தெரியுது சார். மிச்சத்த அவருகிட்டதான் கேக்கணும்."

அவள் மூடியைப் போட்டு ஒன்பதையும் இறுக்கினாள். சுபஸ்ரீயின் போனைக் கேபிளால் மூன்றாம் நம்பரில் இணைத்து, போனின் நெட்டைத் திறந்துவிட்டாள். இதற்கு எந்தக் கார்டும் வேண்டாம். பாடம் ஓடியது. வராந்தாவிலிருந்து அபிநயா என்ற பொடிசு எட்டிப் பார்த்து, "வந்துடுச்சி" என்று பின்னால் இருந்தவர்களுக்குச் சேதி சொன்னாள்.

"சனிக்கிழமைக்குள்ள நல்ல கார்டு போட்டுடறேன். அதுவரைக்கும் இப்படி ஓட்டுங்க. காரணம் கேட்டீங்க, சொல்லிட்டேன். லினக்ஸும் தப்பு பண்ணல, சுபஸ்ரீயும் தப்பு பண்ணல. தப்பு எங்க கடை மேல. ஏத்திக்கினு போறதுன்னா போங்க சார்."

அன்புச்செல்வன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த லேப்டாப்புக்குள்ள எது இருக்குதுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கிற கடைய நான் இப்பதான் பாக்கறேன்," என்றார். "அஞ்சும் இங்கயே இருக்கட்டும்." பிறகு, வேறு யாரையோ பார்ப்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ராசு, வாப்பா, டீ குடிச்சிட்டு வரலாம்."

"நான் குடிச்சிட்டேன் சார்."

"இன்னொண்ணு குடி."

ராசு ஒரு நொடி நின்றான். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டான்.

மாலை 4.25. மலை இறங்கும் பஸ்.

"ஜப்பார் அண்ணே, தாஹிரா பேசறேன். நான் தள்ளின ஏழு இருக்குதா?"

"இருக்குதும்மா. ஆறு இருக்குது."

"ஏழாவது?"

போனில் பழைய ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே."

"சொல்லாதீங்க பாய்னு சத்தியம் வாங்கிக்கினான்மா. கீழ வுழுந்து ஒடஞ்சிடுச்சின்னு நேத்து பாதி வழிலேர்ந்து திரும்பி வந்தான். ஒடஞ்சத இங்கதான் வெச்சிட்டுப் போயிருக்கான். ஸ்க்ரீன் பூரா போயிடுச்சி, பாடி வளைஞ்சிடுச்சி. நான் கழட்டித் தரேன்னேன். கேக்கல. ஒரு மணி நேரம் உக்காந்து அவனேதான் மாத்தினான். பாக்க முடியலம்மா எனக்கு."

"உள்ள இருக்கிற வைஃபை கார்டு நல்லாதான இருக்கும். எடுத்து வைங்க. நான் வந்து வாங்கிக்கறேன்."

மாலை 6.10.

துருகம் சாலையில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. தாஹிரா கடைக்குள் நுழைந்து, ஷட்டரைப் பாதி இறக்கினாள். சுஐப் அவள் முகத்தைப் பார்த்தான். அதிலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"ராசுவ ஏதாவது சொல்லிட்டாங்களா?" என்றான் முதலில்.

"சொன்னாங்க. இப்ப இல்ல. உங்க பேர சொல்லிட்டேன்."

"நல்லது."

அவள் அவன் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"கீழ வுழுந்துடுச்சின்னு ஒரு வார்த்த சொன்னா நான் இன்னா கடிச்சித் தின்னுடுவனா?"

"வுழுந்துடுச்சின்னா நானே சொல்லியிருப்பேன். நழுவிடுச்சி."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல தாஹிரா." அவன் கடையின் தரையைப் பார்த்தான். "கச்சிராயபாளையத்துல டீ குடிக்க எறங்கினேன். நாலு தோள்ல, மூணாவது மட்டும் தனியா கைல. புடிச்சிக்கினுதான் இருந்தேன். புடிச்சிக்கினு இருக்கேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பக்கத்துல ஒருத்தரு, பாய் உங்க பொட்டின்னாரு. கீழ பாத்தா கெடக்குது. கைலேர்ந்து போனதே தெரியல எனக்கு."

அவள் ஸ்டூலை இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டாள்.

"சனிக்கிழம நான் நைனார்பாளையம் போகல," என்றான். "டாக்டருகிட்ட போனேன். மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்குதாம். இருவது வருஷமா ஸ்க்ரூ டிரைவர் புடிச்சதுல வந்ததுன்றாரு. சின்ன ஆப்பரேஷன். அதுக்கப்புறம் ஆறு வாரம் இந்தக் கைல எதுவும் புடிக்கக் கூடாது. பண்ணலன்னா ஜாஸ்தியாயிடும்னாரு. பண்ணா சரியாயிடுமான்னு கேட்டேன். பாக்கலாம்னாரு."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ பொறுக்கறவ. நான் பூட்டறவன். நீயேதான சொல்லுவ." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "பூட்டறவனுக்குக் கை இல்லன்னா கடைல அவன் யாரு?"

தாஹிராவுக்குக் கோபம் வந்தது. அது எங்கேயிருந்து வந்தது என்று பார்த்தால் அழுகை நின்றுகொண்டிருந்தது. கோபத்தையே பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழம கூட வந்திருந்தா அந்த ஏழ எதுக்கு தள்ளினேன்னாவது தெரிஞ்சிருக்கும்."

"ஸ்க்ராட்ச்சுக்காகத் தள்ளிட்டேன்னு நெனச்சேன்."

"ஸ்க்ராட்ச்சுக்கா?"

"இருக்கிறதுலயே ஸ்க்ராட்ச் கம்மியா இருக்கிறதா பாத்து எடுத்தேன். நல்லா தொடச்சிட்டுதான் குடுத்தேன்."

அவளால் முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

போனை எடுத்து ராசுவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, புருஷன் முன்னால் வைத்தாள். சுஐப் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ராசு, நான்தான்பா சுஐப். என்னால உனக்குக் கெட்ட பேரு. மன்னிச்சிக்க."

"வுடுங்க பாய்," என்றது ஸ்பீக்கர். "சாரு ரெண்டு டீ, மூணு வடை வாங்கிக் குடுத்தாரு. பதினஞ்சு வருஷமா மலையில இருக்கேன், ஒரு வா தண்ணி வாங்கிக் குடுத்தவரு இல்ல அவரு. உங்க புண்ணியம்." கொஞ்சம் நின்று, குரல் மாறி, "கை இன்னாச்சி பாய்? அக்கா பாதில நிறுத்திட்டாங்க. நான் கேக்கல."

"காட்டணும்பா. காட்டறேன்."

"ஆப்பரேஷன் கீப்பரேஷன்னா சொல்லுங்க. செவ்வாக்கிழம நம்ம கடைக்கு லீவு. எறங்கி வந்து ஸ்க்ரூ போட்டுட்டுப் போறேன். நீளம் பின்னாடி, குட்டை முன்னாடி. கத்துக்கினேன்."

போன் வைத்த பிறகு வெளியே சாலையின் சத்தம் மட்டும் கேட்டது. பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்து முடிந்தது.

"குடுங்க கைய," என்றாள் தாஹிரா.

வலது கையை மடியில் மறைத்தாற்போல வைத்திருந்தான். அவளே எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் நுனியை அழுத்தினாள்.

"தெரியுதா?"

"மரத்துப் போன மாதிரி."

ஆள்காட்டி விரல். "இது?"

"இல்ல."

நடுவிரல்.

"இல்ல."

மோதிர விரலின் ஒரு பக்கத்தை அழுத்தினாள், பிறகு மறு பக்கத்தை.

"இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம் லேசா தெரியுது."

சுண்டுவிரல்.

"இது தெரியுது," என்றான். "இது நல்லா தெரியுது."

அவள் அந்த விரலை விடவில்லை.

"காலைல எட்டு மணிக்கு டாக்டருகிட்ட போறோம். ரெண்டு பேரும்."

அவன் தலையாட்டினான்.

பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் யாரோ குனிந்து பார்த்தார்கள். கையில் சார்ஜர். "பாய், கடை மூடியாச்சா?"

சுஐப் எழுந்திருக்கப் பார்த்தான். தாஹிரா அவன் கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பத்து நிமிஷம் ஆகுங்க," என்றாள் வாசல் பக்கம் திரும்பாமலே. "வேணும்னா உள்ள வந்து உக்காருங்க."